தீர்ப்புக்கு முந்தின வியாழக்கிழமை

ஜன்னல் சீட்டுல நீங்களே உக்காருங்க சார். எனக்கு எதிர்காத்து பட்டா தொண்டை கட்டிக்கும். இன்னிக்கு எனக்குத் தொண்டைதான் முக்கியம். சேத்தியாத்தோப்பு பக்கத்துல ஒரு கிராமம், மாரியம்மன் கோயில் திருவிழா, பட்டிமன்றம். நான்தான் நடுவர்.

என்னை எங்கயாவது பாத்த மாதிரி இருக்கா? இல்லையா? பரவால்ல. மேடை வெளிச்சத்துல பாக்கறது வேற, பஸ்ஸுல பாக்கறது வேற. சொல்மழை பூவராகன்னு போஸ்டர்ல போடுவாங்க. பகல்ல விருத்தாசலத்துல தமிழ் வாத்தியார். அந்தப் பட்டம் நானே வெச்சுக்கிட்டதுன்னு என் மச்சான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். இல்ல சார். ஒரு கோயில் கமிட்டிதான் குடுத்தாங்க. போஸ்டர்ல பேருக்கு முன்னாடி இடம் காலியா இருக்கு, என்ன போடலாம்னு கேட்டாங்க. நான் சொன்னேன். அவங்க போட்டாங்க.

இன்னிக்குத் தலைப்பு என்ன தெரியுமா? வருஷா வருஷம் அந்த ஊர்ல மாமியாரா மருமகளாதான். நான்தான் கமிட்டித் தலைவர்கிட்டப் பேசி மாத்தினேன். 'கருவில் இருக்கும் உயிர்: முடிவு யார் கையில்?' தலைவர் கொஞ்சம் தயங்கினார். அம்மன் கோயில்ல இதெல்லாம் எதுக்குன்னார். அம்மனே தாய்தானே ஐயான்னேன். சரின்னுட்டார். நம்மகிட்ட பேசி யாரு ஜெயிக்கறது?

அது நிக்கட்டும். உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும் சார். நீங்க மூணாவது மனுஷன், மறைக்காம சொல்லணும். ஒரு விவகாரம் நடக்குது. ரெண்டு பக்கமும் பேசி முடிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை தீர்ப்புன்னு நடுவர் அறிவிச்சாச்சு. அதுக்குள்ள வியாழக்கிழமையே ஒருத்தர் போய்க் காரியத்தை முடிச்சுட்டு வந்தா, அது நியாயமா? அப்ப நடுவர்னு ஒருத்தன் எதுக்கு உக்காந்திருக்கான்?

கதையைச் சொன்னாதான் உங்களுக்கு விளங்கும்.

என் வீட்டுக்காரி பேரு அம்புஜவல்லி. கணக்கு டீச்சர். நான் ஒரு மணி நேரம் பேசறதை அவ ஒரே வரியில முடிச்சுடுவா. ரெண்டு பிள்ளைங்க. பெரியவ ஏழாவது, சின்னவன் நாலாவது படிக்கறான். எங்க வீட்டுல பேசறதுக்கு நான், கேக்கறதுக்கு அம்புஜம்னு மேடையில சொல்லுவேன். கைத்தட்டு நல்லா வரும்.

போன ஆடி மாசம் ஒரு சாயங்காலம் சமையல்கட்டுல காபி ஆத்திக் குடுத்துட்டு அங்கயே நின்னா. நாள் தள்ளிப் போயிருக்கு, டெஸ்ட் பண்ணிட்டேன், இருக்குன்னா. நான் காபியை ஒரு வாய்தான் குடிச்சிருந்தேன். அவளே தொடர்ந்து சொன்னா.

"எனக்கு பயமா இருக்குங்க. வேணாம்னு தோணுது. வேணாம்னு நினைக்கறதுக்கும் பயமா இருக்கு. நீங்க என்ன நினைக்கறீங்க?"

இதே இடத்துல வேற ஆளா இருந்தா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். நான் சொல்லலை. இத்தனை வருஷம் நடுவரா இருந்த பக்குவம் சார் அது. அம்புஜம், இது ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கற தலைப்பு, அவசரப்பட்டு எதுவும் சொல்லக் கூடாது, முறையாப் பேசி முடிவுக்கு வருவோம்னேன்.  அவ டம்ளரை வாங்கிட்டுப் போயிட்டா. அதுல பாதிக் காபி இருந்துச்சு.

அவளுக்கு ஏன் பயம்னா, சின்னவன் பொறந்தப்போ பிரஷர் ஏகத்துக்கு ஏறி ஜன்னி வந்துடுச்சு. ஐசியூவுல வெச்சிருந்தாங்க. தாயா பிள்ளையான்னு கேக்கற நிலைமை. அப்போ நான் திருநெல்வேலியில இருந்தேன். குடும்பத்தின் அச்சாணி கணவனா, மனைவியான்னு தலைப்பு. போன் மேல போன். பாதியில எழுந்து வர முடியுமா? மனைவியேன்னு தீர்ப்பைக் குடுத்து முடிச்சுட்டு, பொன்னாடையோட பஸ் ஏறி வந்து சேர்ந்தேன். திருநெல்வேலியில அந்தத் தீர்ப்பை இன்னிக்கும் பேசறாங்க சார்.

சரி, அணி பிரிக்கணுமே. எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. பேசறவர் மனசுல என்ன நம்பறார்னு நாங்க கேக்கறதே இல்லை. யாருக்கு எந்தப் பக்கம் எடுபடும்னு பாத்துப் பிரிச்சுக் குடுப்போம். போன வாரம் மாமியாருக்காக அழுதவர் இந்த வாரம் மருமகளுக்காக அழுவார். ரெண்டு அழுகையும் உண்மையாத்தான் இருக்கும். அதுதான் தெறமை.

'வேண்டாம்'ங்கற அணிக்கு என் மச்சான் விருத்தகிரி. அம்புஜத்தோட தம்பி, பஸ் ஸ்டாண்டுகிட்ட செல்போன் கடை வெச்சிருக்கான். அவனுக்கு அக்கா பெத்துக்கணும்னுதான் ஆசை. இருந்தாலும் மாமா தலைப்பு குடுத்தா பேசித்தானே ஆகணும்னு வந்துட்டான். 'பிறக்கட்டும்'ங்கற அணிக்கு எங்க அக்கா பெருந்தேவி. பக்கத்துத் தெருவுலதான் அத்தானோட இருக்கா. அக்காவுக்குக் குழந்தை இல்லை சார். மூணு தடவை உண்டாகி மூணும் தங்கலை. அந்த அனுபவம் உள்ளவங்க பேசினா உருக்கம் தானா வந்துடும். அந்தப் பக்கத்தை வேற யாருக்குக் குடுப்பேன்? அக்கா முதல்ல, இதை என் வாயால பேச வைக்காதடா தம்பின்னா. கூச்சம். மேடைக்குப் புதுசில்லையா. நான்தான் தைரியம் சொல்லி சம்மதிக்க வெச்சேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக் கூடத்துலதான் வெச்சோம். குடும்ப விஷயங்கறதால மைக் வைக்கலை. பிள்ளைங்களைப் பக்கத்து வீட்டுக்கு டிவி பாக்க அனுப்பிட்டோம். அத்தான் பார்வையாளர். நேரம் முடிஞ்சா அடிக்கறதுக்குப் பூஜை மணியை எடுத்து என் பக்கத்துல வெச்சுக்கிட்டேன். எங்கயும் ஒழுங்கு வேணும் சார், வீடுன்னா என்ன?

அம்புஜத்துக்கு எந்த அணின்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. அவ சம்பந்தப்பட்ட கட்சியாச்சே. சம்பந்தப்பட்டவங்க பேசினா ஒரு பக்கமா சாஞ்சுடும். அதனால அவளை நான் சேக்கலை. அவ உள்ள வடை சுட்டுக்கிட்டிருந்தா.

விருத்தகிரி நல்லாத்தான் ஆரம்பிச்சான். நடுவர் அவர்களே, அது இன்னும் ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான், அதுக்கு ரேஷன் கார்டுல பேரு சேக்க முடியுமா, ஆதார் எடுக்க முடியுமா, பேரே இல்லாத ஒண்ணுக்காகப் பேரும் ஊரும் உள்ள எங்க அக்காவை ஆபத்துல தள்ளலாமான்னான். அப்புறம் சின்னவன் பொறந்தப்போ டாக்டர் சொன்னது, பிரஷர், ரெண்டு பிள்ளைங்க நிலைமைன்னு அடுக்கினான். நானே தலையாட்டிட்டேன். நடுவர் தலையாட்டக் கூடாது, ஆனா அந்த ரேஷன் கார்டு பாயிண்ட்டு அப்படி.

அடுத்து எங்க அக்கா. எழுந்து நிக்கச் சொன்னேன், நிக்கலை. உக்காந்தபடியே, புடவைத் தலைப்பைக் கையில சுருட்டிக்கிட்டே பேசினா.

"பேரு இல்லைன்னு யாருப்பா சொன்னது? என்னோட மூணுக்கும் நான் பேரு வெச்சிருந்தேன். வெளிய சொன்னா கண்ணு படும்னு யாருகிட்டயும் சொல்லலை. உங்க அத்தானுக்கே தெரியாது. மூத்தது வேதவல்லி. அவ இருந்தப்போ எனக்குப் புளியங்காதான் சோறு. ரெண்டாவது ரங்கன். அவன் நாலு மாசம் இருந்தான், அசையறதுக்குள்ள போயிட்டான். கார்டுல ஏறாததெல்லாம் உசுரு இல்லைன்னா, நான் இத்தனை வருஷமா யாரை நெனச்சுக்கிட்டுத் தூங்கறேன்?"

அத்தான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். விருத்தகிரி மூக்கை உறிஞ்சறான், எதிர் அணித் தலைவர்! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. மேடையில இந்த மாதிரி ஒரு பேச்சு கிடைக்க நாங்க தவம் கெடக்கணும் சார். அக்கா மூணாவதோட பேரைச் சொல்ல வாயைத் தொறந்தா. நேரம் முடிஞ்சுடுச்சு. மணி அடிச்சேன்.

அம்புஜம் சமையல்கட்டுலேருந்து வந்தா. கையெல்லாம் மாவு. என் பக்கத்துல இருந்த மணியை எடுத்துட்டுப் போய்ப் பூஜை அறையில வெச்சுட்டு, அக்கா பக்கத்துல உக்காந்தா.  அக்கா அதுக்கப்புறம் பேசலை. அந்த மூணாவது பேரு என்னன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

எப்படிப் பாத்தாலும் அன்னிக்கு அக்கா அணிக்குத்தான் வெற்றி. ஓட்டு எடுத்திருந்தா மொத்தமும் அவளுக்குத்தான் விழுந்திருக்கும். ஆனா தீர்ப்புன்னா கைத்தட்டை வெச்சுச் சொல்றது இல்லையே. யோசிக்கணும், எழுதணும், அதுக்கு ஒரு தொடக்கம், ஒரு முத்தாய்ப்பு எல்லாம் வேணும். அந்த வாரம் வெள்ளி, சனி ரெண்டு நாளும் எனக்கு வெளியூர்ல நிகழ்ச்சி. அதனால அடுத்த ஞாயித்துக்கிழமை தீர்ப்புன்னு அறிவிச்சேன். யாரும் ஆட்சேபிக்கலை. அம்புஜம் வடைத் தட்டை எடுத்துட்டுப் போனா.

அந்த வாரம் அவ மறுபடியும் மறுபடியும் கேட்டா, அதையும் சொல்லிடறேன், ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு. நான் ஷேவ் பண்ணிக்கிட்டிருக்கும்போது எனக்குப் பின்னாடி வந்து நின்னு, நடுவரா வேணாம், என் வீட்டுக்காரரா சொல்லுங்க, என்ன நினைக்கறீங்கன்னா. ஸ்கூலுக்குக் கெளம்பும்போது வண்டிச் சாவியைக் கையில குடுத்துட்டு மறுபடி கேட்டா. தீர்ப்புக்கு முன்னாடி நடுவர் வாயைத் தொறந்தா அந்தத் தீர்ப்புக்கு என்ன மரியாதை அம்புஜம்னேன். பொறுமையா இருன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், கோவமா எல்லாம் இல்லை.

உள்ளுக்குள்ள எனக்கும் இருந்துச்சு சார். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, பஸ்ஸை விட்டு எறங்கினா நீங்க யாரோ, நான் யாரோ. இன்னொண்ணு பொறந்தா எப்படி இருக்கும்னு ஆசையா இருந்துச்சு. ஒரு சின்னது வீட்டுல ஓடி ரொம்ப நாளாச்சு. அதே சமயம் அவளை மறுபடி அந்த ஐசியூ கதவுக்குள்ள தள்ளிட்டு வெளிய நிக்கறதை நெனச்சா, சோறு எறங்கலை. ரெண்டும் சேந்து இருந்துச்சு. ஆனா அதை அவகிட்டச் சொல்ல முடியுமா? சொன்னா நான் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடுமே.

வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வரேன். வாசல்லயே பூண்டு ரச வாசனை. சமையல்கட்டுல எங்க அக்கா நிக்கறா. அம்புஜம் உள்ளே கட்டில்ல போத்திக்கிட்டுப் படுத்திருக்கா. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. என்னக்கா, அம்புஜத்துக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டேன்.

"மெதுவாப் பேசு, இப்பத்தான் கண்ணசந்தா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம். முடிஞ்சுடுச்சு."

 வந்துச்சு பாருங்க கோவம். நான் இன்னும் தீர்ப்பே சொல்லலையேக்கான்னேன். அது மட்டும் இல்லை, கூட்டிட்டுப் போனது யாரு? எதிர் அணி ஆளா இருந்தா, சரி, கொள்கைப்படி நடந்தான்னு விட்டுடலாம். விருத்தகிரி போயிருந்தா நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். பிறக்கட்டும்னு பேசி எல்லாரையும் அழ வெச்சவ, அவளே கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறதுன்னா? அன்னிக்கு நீ பேசினதெல்லாம் என்னக்கா, பொய்யான்னு கேட்டேன்.

அக்கா அடுப்பை அணைச்சுட்டு வந்து என் எதிர்ல உக்காந்தா.

"ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லைடா. உசுருதான் அது. இல்லைன்னு சொல்ற ஆளு நான் இல்லை. அதுக்காக, எனக்குத் தங்காத மூணையும் இவ வயித்துல வெச்சு நான் கணக்குத் தீத்துக்க முடியுமா? அவளும் உசுருதானே. தனியாப் போக பயமா இருக்கு அண்ணி, வரீங்களான்னு கேட்டா. வரேன்னேன். நீ குடுத்த தலைப்புக்கு நான் பேசினேன், அவ கூப்பிட்டதுக்கு நான் போனேன். ரெண்டும் ஒண்ணா?"

சொல்லிட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. அழுதுக்கிட்டேதான் கூட்டிட்டுப் போயிருக்கா சார். அதுதான் எனக்குப் புரியலை. ஒரு ஆளுக்கு ஒரு கட்சிதானே இருக்கணும்?

அம்புஜம் முழிச்சதும் கேட்டேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு. சத்தம் போடலை, தன்மையாத்தான் கேட்டேன். நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன், தீர்ப்புக்கு முன்னாடி பேசக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க, நாள் ஓடுதுல்லன்னா. பாருங்க, எங்க தொழில் விதியை எவ்வளவு சரியா ஞாபகம் வெச்சிருக்கா! அந்தக் கோவத்துலயும் எனக்கு அது பெருமையா இருந்துச்சு.

மறுநாள் வெளியூர் கெளம்பறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கே போயிட்டேன். என்னைக் கேக்காம எப்படிம்மா செஞ்சீங்கன்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். உங்க வீட்டம்மா விவரம் தெரிஞ்சவங்க, சட்டப்படி அவங்க சம்மதம் போதும், உங்க கையெழுத்து தேவையில்லைன்னாங்க. நான் நடுவர்ம்மான்னேன். எந்தக் கோர்ட்டுன்னு கேட்டாங்க.

சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க. விருத்தகிரியும் இதைச் சொல்லித்தான் கடைக்கு வரவங்ககிட்ட சிரிச்சுக்கிட்டிருக்கான்.

அப்புறம் எங்க அக்கா எங்க வீட்டுலயே டேரா போட்டுட்டா. பச்சை உடம்பு, இதுக்கும் பத்தியம் உண்டுன்னு பிரசவம் ஆனவளுக்குச் செய்யற மாதிரியே செஞ்சா. பூண்டு, வெந்நி, காதுக்குப் பஞ்சு, ஒண்ணும் பாக்கியில்லை. ஒரு சாயங்காலம் பாத்தா ரெண்டு பேரும் பூஜை அறையில ஒரு அகல் விளக்கை ஏத்தி வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. என்ன விசேஷம்னேன். ஒண்ணும் இல்லைன்னாங்க. இப்ப ரெண்டு பேரும் சேந்து மார்க்கெட் போறாங்க, சேந்து சினிமாவுக்குப் போறாங்க. நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் இப்படி ஒட்டிக்கிட்டு நான் எங்கயும் பாத்ததில்லை. இது ஊர்ல பரவினா எங்க தொழில்ல பாதித் தலைப்பு போயிடும் சார்.

என்ன கேட்டீங்க? தீர்ப்பா? ஞாயித்துக்கிழமை என்ன தீர்ப்பு சொல்றதா இருந்தேன்னா?

இதை மட்டும் யாருமே கேக்கலை சார் என்னை. எங்க வீட்டுல ஒரு ஆள் கேக்கலை. நீங்க கேட்டுட்டீங்க. அதைத்தான் இன்னிக்கு மேடையில சொல்லப் போறேன், வீணாப் போகலாமா? முடிவு மட்டும் சொல்றேன், கேளுங்க.

"கருவில் இருப்பது உயிர்தான். அந்தப் பக்கம் பேசியவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த உயிரைச் சுமப்பவளும் உயிர்தான். இந்தப் பக்கம் பேசியவர்கள் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் நிற்பவள் ஒருத்தி. பயமும் அவளுடையது, துக்கமும் அவளுடையது. ஆகவே முடிவும் அவளுடையது. அவள் எந்த முடிவை எடுத்தாலும், பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொள்வது ஒன்றுதான் குடும்பத்தின் வேலை. தாயின் முடிவே தீர்ப்பு என்று கூறி விடைபெறுகிறேன்."

எப்படி இருக்கு? கண்டக்டர்கூடத் திரும்பிப் பாத்தார், பாத்தீங்களா?

இப்பச் சொல்லுங்க என் ஆதங்கம் நியாயமா, இல்லையா? முடிவு தாயோடதுன்னு நான் எழுதி வெச்சுட்டேன். அதை ஞாயித்துக்கிழமை நான் அறிவிச்சதுக்கு அப்புறம்தானே அவ முடிவு எடுக்கணும்? முன்கூட்டியே எடுத்துட்டா, என் தீர்ப்புக்கு என்ன வேலை?

சரி போகட்டும், மன்னிச்சுட்டேன். காலையில அம்புஜத்தை உக்கார வெச்சு முழுசா ஒத்திகை பாத்தேன். விடைத்தாள் கட்டை மூடி வெச்சுட்டு ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் கேட்டா. எப்படி இருக்குன்னேன்.  சொன்னா சார்.

"இதை அன்னிக்கு சமையல்கட்டுல சொல்லியிருந்தீங்கன்னா, ஆஸ்பத்திரிக்கு நான் உங்க கூடத்தான் போயிருப்பேன்."

சொல்லிட்டு அழுதா. தேம்பித் தேம்பி அழுதா. ஐசியூவுலேருந்து வெளிய வந்தப்பகூட அவ அழுது நான் பாத்ததில்லை. இன்னிக்கு அழறா. தீர்ப்பு அவ்வளவு நல்லா வந்திருக்கு சார். பாருங்க, இன்னிக்குப் பெண்கள் பகுதியில அழாத ஆளே இருக்காது. சேத்தியாத்தோப்பு வந்துடுச்சு. காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோங்க, நான் எறங்கிக்கறேன்.